கொடைக்கானல் பாயின்ட்டில் குமாவுன் பனிமலை

டைம்ஷேர் வாங்கியவர்கள் ஆண்டுதோறும் ஒரே மலைக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் பாயின்ட்டுகள் அறைக் கதவைத்தான் திறக்கும். ஊரை நாமேதான் திறந்துகொள்ள வேண்டும்.

காத்கோதாம் ரயில் நிலையத்தில் விடியற்காலையில் தமிழ் காதில் விழுந்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. குமாவுன் மலையின் அடிவாரத்தில் தண்டவாளம் முடிந்துபோகும் இடம் இது. தில்லியிலிருந்து வரும் இரவு ரயிலில் குரங்குக் குல்லாயும் மஃப்ளருமாகச் சில குடும்பங்கள் இறங்கும். சென்னை, கோவை, மும்பையின் மாட்டுங்கா, பெங்களூரின் மல்லேஸ்வரம் என்று எங்கிருந்தும் வந்திருப்பார்கள். புனித யாத்திரைக் கூட்டம் அல்ல இது. பத்ரிநாத்தும் கேதார்நாத்தும் போகிறவர்கள் ரிஷிகேஷ் வழியாகப் போய்விடுவார்கள். இவர்களில் பலர் 'பாயின்ட்'டில் வந்தவர்கள். எப்போதோ ஒரு ஓட்டல் விருந்தில் கையெழுத்திட்டு, கொடைக்கானலையோ ஊட்டியையோ மூணாறையோ மனதில் வைத்து வாங்கிய விடுமுறையை 2,500 கிலோமீட்டர் தள்ளிச் செலவழிக்க வந்தவர்கள்.

இந்தியாவில் இந்த வியாபாரத்துக்குத் தமிழ்நாட்டுடன் நெருங்கிய உறவு உண்டு. 1986இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்டெர்லிங் நிறுவனம் கொடைக்கானல் ரிசார்ட்டைக் காட்டித்தான் நடுத்தர வர்க்கத்துக்கு டைம்ஷேர் என்ற சொல்லைக் கற்றுக்கொடுத்தது. மகிந்திரா ஹாலிடேஸ் 1996இல் பதிவானதும் சென்னையில்தான். அதன் முதல் ரிசார்ட் மூணாறில் எழுந்தது. ஸ்டெர்லிங் 2014இல் தாமஸ் குக் இந்தியாவிடம் போனது. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் வங்கி அதிகாரிகளும் பொதுத்துறை ஊழியர்களும் மருத்துவர்களும் தவணையில் வாங்கிய பொருள்களில், ஸ்கூட்டருக்கும் வீட்டுமனைக்கும் நடுவே, இந்த 'ஆண்டுக்கு ஒரு வாரம்' இடம்பிடித்தது.

முதல் யோசனை எளிமையானது. மலையில் ஒரு வீடு கட்டினால் ஆண்டில் 50 வாரம் பூட்டிக் கிடக்கும். அதே வீட்டை 50 பேர் பங்குபோட்டுக்கொண்டால் ஆளுக்கு ஒரு வாரம். 1960களில் பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் சூப்பர்தெவொலூயி என்ற பனிச்சறுக்கு ஊரில் தொடங்கிய திட்டம் இது. ஆனால் மனித மனம் ஐந்தாவது ஆண்டே அலுத்துக்கொள்ளும். கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, ஏரியில் படகு, சாக்லேட் கடை. ஆறாம் முறை போகும்போது குழந்தைகள் காரை விட்டே இறங்க மறுப்பார்கள். இந்த அலுப்பையே தொழிலாக்கியது அமெரிக்காவின் ஆர்.சி.ஐ. இண்டியானாபொலிஸ் நகரில் ஜான் டீஹான், கிறிஸ்டல் டீஹான் தம்பதி 1974இல் தொடங்கிய பரிமாற்ற நிறுவனம் அது. உன் வாரத்தை என்னிடம் கொடு, இன்னொருவர் வைத்துவிட்டுப் போன வாரத்தை எடுத்துக்கொள். நூலகத்தில் புத்தகம் மாற்றுவது போலத்தான். 1976இல் இன்டர்வல் இன்டர்நேஷனல் போட்டிக்கு வந்தது.

வாரத்துக்கு வாரம் மாற்றுவதில் ஒரு சிக்கல் இருந்தது. மே மாதக் கொடைக்கானலும் ஆகஸ்ட் மாதக் கோவாவும் எப்படிச் சமமாகும்? ஒன்றில் அறையே கிடைக்காது. மற்றொன்றில் மழைக்குப் பயந்து ஆளே வராது. இதற்குக் கண்டுபிடித்த நாணயம்தான் பாயின்ட். டிஸ்னி நிறுவனத்தின் விடுமுறைக் கிளப் 1991இல் தொடங்கியபோதே பாயின்ட் முறையில்தான் இறங்கியது. ஆர்.சி.ஐ. 2000இல் தன் பாயின்ட் திட்டத்தைக் கொண்டுவந்தது. அறையின் அளவு, பருவம், ஊரின் மவுசு, எத்தனை இரவு என்பவற்றை வைத்து ஒவ்வொரு தங்கலுக்கும் ஒரு விலை. பையில் இருக்கும் பாயின்ட்டுக்குள் எதை வேண்டுமானாலும் வாங்கலாம். பெரிய அறையில் மூன்று இரவு, அல்லது சிறிய அறையில் ஏழு இரவு. மிஞ்சியதை அடுத்த ஆண்டுக்குச் சேர்த்துவைக்கவும், அடுத்த ஆண்டுப் பாயின்ட்டை இப்போதே கடன் வாங்கவும் பல திட்டங்களில் வழி உண்டு. காலக்கெடு தாண்டினால் எல்லாம் காலாவதி.

டிஸ்னி திட்டத்தில் 'ஹோம் ரிசார்ட்' என்பதற்கு உண்மையான பொருள் உண்டு. பங்கு வாங்கிய ரிசார்ட்டில் 11 மாதம் முன்பே பதிவு செய்யலாம். மற்றவற்றில் 7 மாதம் முன்புதான். அந்த நான்கு மாத முன்னுரிமைதான் சொந்த வீட்டின் மதிப்பு. இந்தியாவில் விற்கப்படும் பல உறுப்பினர் திட்டங்களில் அப்படி ஒரு சொந்த ரிசார்ட்டே கிடையாது. விற்கும்போது கொடைக்கானல் படத்தைக் காட்டுவார்கள். ஒப்பந்தத்தில் இருப்பதோ ஒரு பருவம். அதற்கு ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் வைத்திருப்பார்கள். கோடை, தீபாவளி, கிறிஸ்துமஸ் எல்லாம் விலை உயர்ந்த நிறம். யாரும் வராத நாள்கள் மலிவான நிறம். இங்கே உறுப்பினரின் சொந்த ஊர் அந்த நிறம்தான்.

இதைப் புரிந்துகொண்டவர்களுக்கே பாயின்ட் பலன் தருகிறது. பின்சரையே எடுத்துக்கொள்வோம். காத்கோதாமிலிருந்து அல்மோராவுக்குச் சுமார் 90 கி.மீ. அங்கிருந்து பின்சர் மேலும் 30 கி.மீ. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு விடுமுறை விடும் மே மாதத்தில் தில்லியே இந்த மலைக்கு ஏறிவிடும். அறைக்கு அதிகப் பாயின்ட். புகைமூட்டத்தில் பனிமலையும் பல நாள் கண்ணுக்குத் தெரியாது. பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் வட இந்தியா முழுதும் பரீட்சைக் காலம். ரிசார்ட்டுகளில் இடம் இருக்கும், பாயின்ட்டும் குறையும். அப்போதுதான் காட்டில் புராஞ்ஷ் பூக்கிறது. ரோடோடென்ட்ரான் இனத்தைச் சேர்ந்த அந்த மரம் முழுக்கச் செக்கச்செவேலென்று பூத்து நிற்கும். தீபாவளிக் கூட்டம் இறங்கிய பின் வரும் நவம்பர் நாள்களில் வானம் கழுவிவிட்டதுபோல இருக்கும். மலிவான நிறத்தில் நல்ல காட்சி. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை வீட்டில் இல்லாத ஓய்வுபெற்ற தம்பதியருக்கு ஏற்ற கணக்கு இது.

காலை ஆறு மணிக்குப் பின்சர் காட்டுக்குள் நடந்து, 2,412 மீட்டர் உயரத்திலுள்ள ஜீரோ பாயின்ட்டில் நின்றால் வடக்குத் திசை முழுவதும் ஒரே வெள்ளைச் சுவர். திரிசூல் 7,120 மீட்டர். அதற்கும் பின்னால் நந்தா தேவி 7,816 மீட்டர். இன்னும் கிழக்கே பஞ்சசூலியின் ஐந்து சிகரங்கள். முதலில் ஒரு முனையில் மட்டும் இளஞ்சிவப்பு பற்றும். பிறகு வரிசையாக ஒவ்வொன்றாக. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் நாம் மலையின் மேல் நின்று கீழே பார்த்துப் பழகியவர்கள். இங்கே 2,400 மீட்டர் ஏறி நின்றும் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு காலத்தில் குமாவுனை ஆண்ட சந்த் மன்னர்களின் கோடை வாசஸ்தலம் பின்சர். 1988 முதல் வனவிலங்குச் சரணாலயம். சுமார் 47 சதுர கி.மீ. பரப்பில் ஓக் மரமும் புராஞ்ஷும் பாசி படர்ந்து நிற்கின்றன. சிறுத்தை உண்டு. பகலில் கண்ணில் படுவது காலிஜ் என்ற காட்டுக்கோழியும் பறவைக் கூட்டங்களும்தான்.

ரிசார்ட்டின் பஃபே மேசையில் பனீர் பட்டர் மசாலாவும் இட்லியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கோவாவிலும் இதே மேசை, மூணாறிலும் இதே மேசை. மாலையில் ஹவுசி, பிள்ளைகளுக்குப் படம் வரையும் போட்டி. பாயின்ட் முறையின் பலவீனம் இது. எல்லா ஊரையும் ஒரே நாணயத்தில் எண்ணப்போய், எல்லா ஊரையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டது. ஏழு நாளும் வளாகத்தை விட்டு வெளியே வராமல் திரும்பும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் பார்த்தது பின்சர்தானா என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

வெளியே வந்தால் சாலையோர தாபாவில் வேறு உணவு காத்திருக்கிறது. மண்டுவா ரொட்டி என்கிறார்கள். பிட்டு வாயில் போட்டால் நம் கேழ்வரகு. கஹத் பருப்பு என்பது கொள்ளு. ஜங்கோரா பாயசம் என்று இனிப்பாக வருவது குதிரைவாலி. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் மானாவாரி மலைச்சரிவு ஒரே தானியத்தைத்தான் விளைவிக்கிறது. நம் வீடுகளில் பாட்டியோடு போய்விட்ட சாப்பாடு இங்கே இன்னும் தினசரிச் சாப்பாடு. அல்மோரா கடைத்தெருவில் பால் மிட்டாய் வாங்காமல் யாரும் இறங்குவதில்லை. 'பால்' என்பது நம் பால் அல்ல, பெயர் அப்படி. கோவாவைப் பழுப்பாகக் கிளறி, மேலே வெள்ளைச் சர்க்கரை மணிகளை ஒட்டிய இனிப்பு. இந்தக் கோவா ஊர் அல்ல, பால்கோவாவின் கோவா.

அல்மோராவிலிருந்து சுமார் 35 கி.மீ. தொலைவில் ஜாகேஷ்வர். தேவதாரு மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கில், ஓடைக் கரையில், நூற்றுக்கும் மேற்பட்ட கற்கோயில்கள். சில ஆள் உயரம்கூட இல்லை. மிகப் பழையவை ஏழாம் நூற்றாண்டு வாக்கில் எழுந்தவை. பன்னிரண்டு ஜோதிர்லிங்கங்களில் ஒன்றான நாகேசம் இதுதான் என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. குஜராத்தின் துவாரகைப் பக்கமும் மகாராஷ்டிரத்தின் அவுண்டாவும் அதே உரிமையைக் கொண்டாடுகின்றன. தஞ்சாவூர்க் கோபுரங்களைப் பார்த்த கண்ணுக்கு இவை சிறியவை. ஆனால் அவற்றின் மேல் கவிந்து நிற்கும் தேவதாரு மரங்களைச் சேர்த்துப் பார்த்தால் அளவு மாறிவிடும். விவேகானந்தர் 1890இல் காகரிகாட்டில் அரசமரத்தடியில் தியானம் செய்த இடம் காத்கோதாம் - அல்மோரா சாலையிலேயே இருக்கிறது. 1897 ஜனவரியில் பாம்பனில் வந்து இறங்கிய அவர், அந்த ஆண்டு மே மாதம் ஓய்வு தேடி வந்ததும் அல்மோராவுக்குத்தான்.

சரி, செலவு என்ன? பாயின்ட்டில் போனால் அறை இலவசம் என்று பலர் பேசிக்கொள்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உறுப்பினர் கட்டணம் ரூ. 4 லட்சம், 25 ஆண்டு, ஆண்டுக்கு 7 இரவு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 175 இரவு. இரவுக்கு சுமார் ரூ. 2,286. விற்பனையாளர் இந்த இடத்தில் கணக்கை நிறுத்திவிடுவார். நாம் தொடர வேண்டும். அந்த ரூ. 4 லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டிருந்தால் ஆண்டுக்கு ரூ. 28,000 வரும். ஏழு இரவில் வகுத்தால் இரவுக்கு ரூ. 4,000. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் ரூ. 21,000 என்றால் இரவுக்கு இன்னொரு ரூ. 3,000. ஆக, இலவச அறையின் விலை இரவுக்கு ரூ. 7,000. பராமரிப்புக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. தனி, அந்தக் கட்டணம் ஏறிக்கொண்டும் போகும். வங்கியில் போட்ட அசல் 25 ஆண்டு கழித்துத் திரும்பும், இங்கே திரும்பாது. ஒரு வருடம் போகாமல் விட்டால் அந்த ஆண்டின் இரவுகளுக்கு விலையே சொல்ல முடியாது.

இந்தக் கணக்கு டைம்ஷேரே வேண்டாம் என்று சொல்லவில்லை. நெருக்கடியான பருவத்தில், சமையலறையுடன் கூடிய இரண்டு படுக்கையறை வீட்டைத் தாத்தா, பாட்டி, பேரன் பேத்தி என்று ஆறு பேராக நிரப்பினால் ரூ. 7,000 மலிவு. அதே பாயின்ட்டை இரண்டு பேர், வெளிச்சந்தையில் ரூ. 3,500க்குக் கிடைக்கும் அறையில் செலவழித்தால் நஷ்டம். வெளியூர்ப் பயணத்துக்கு இதில் ஒரு பாடம் உண்டு. பதிவு செய்யும் முன், அதே தேதிக்கு அதே ஊரில் சாதாரண ஓட்டல் அறை என்ன விலை என்று பார்க்க வேண்டும். விலை எங்கே அதிகமோ அங்கேதான் பாயின்ட்டைச் செலவழிக்க வேண்டும். மலிவான ஊருக்குப் பணம், விலை உயர்ந்த ஊருக்குப் பாயின்ட்.

சொந்த நிறுவனத்தின் கிளைகளுக்கு அப்பால், வெளிநாட்டுக்கோ வேறு நிறுவன ரிசார்ட்டுக்கோ போக நினைத்தால் இன்னொரு படி ஏற வேண்டும். பரிமாற்ற நிறுவனத்துக்குத் தனிச் சந்தா, ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனிக் கட்டணம். முதலில் உங்கள் வாரத்தை அங்கே வைக்க வேண்டும். அந்த வாரத்தின் பருவம், அறை அளவு, ஊருக்கு உள்ள கிராக்கி, எவ்வளவு முன்கூட்டியே வைத்தீர்கள் என்பவற்றைப் பொறுத்தே எதிரில் என்ன கிடைக்கும் என்பது தீரும். மலிவான பருவத்து ஸ்டூடியோ அறையை வைத்துவிட்டு டிசம்பரில் சிங்கப்பூர் கேட்டால் கிடைக்காது. வெளிநாட்டு ரிசார்ட்டுகள் பலவற்றில் முழு வாரமாகத்தான் தருவார்கள். விமானக் கட்டணமும் விசாவும் எந்தப் பாயின்ட்டிலும் அடங்காது. பின்சருக்கே சென்னையிலிருந்து ரயில், டாக்சி என்று நான்கு பேருக்குக் கணக்குப் பார்த்தால் அறையைவிட வழி அதிகமாகிவிடும். அவ்வளவு தூரம் வந்து மூன்று இரவில் திரும்புவதில் அர்த்தமில்லை. பாயின்ட்டைச் சேர்த்துவைத்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நீண்ட பயணம் போவது இதனால்தான் புத்திசாலித்தனம்.

பாயின்ட் என்பது விடுமுறை. அதை முதலீடு என்று விற்பவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மும்பையின் பான்கார்டு கிளப்ஸ் நிறுவனம் விடுமுறை இரவுகளை விற்று, தங்காவிட்டால் பிற்பாடு பணமாகத் திருப்பித் தருவதாகச் சொன்னது. சுமார் 50 லட்சம் பேர் போட்ட பணம் ரூ. 7,000 கோடிக்கு மேல். அது அனுமதியற்ற கூட்டு முதலீட்டுத் திட்டம் என்று கூறி, பணத்தைத் திருப்பித் தரும்படி 2016இல் செபி உத்தரவிட்டது. அறையில் தூங்க நினைத்தே பார்க்காதவர்கள்தான் அதில் அதிகம் மாட்டிக்கொண்டார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் டைம்ஷேர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். 2008ஆம் ஆண்டு விதி அது. இந்தியாவில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. எனவே எத்தனை நாளுக்குள் விலகலாம், பராமரிப்புக் கட்டணம் எந்த அளவுக்கு உயரலாம், அறை மறுக்கப்பட்டால் என்ன ஈடு என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் தேடிப் படிக்க வேண்டும். விருந்து மேசையில் வாயால் சொன்னது எதுவும் கணக்கில் வராது. பிரச்னை வந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 ஒரு வசதி தருகிறது. நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும், உறுப்பினர் தாம் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம்.

குமாவுன்காரர்களுக்கு இதற்கும் ஒரு தனி நீதிமன்றம் இருக்கிறது. அல்மோராவை அடுத்த சித்தையில் கோலு தேவதை கோயில். நீதி வழங்கும் தெய்வம். சொத்துத் தகராறு, வேலை, கல்யாணம் என்று எல்லாவற்றுக்கும் மனு எழுதிக் கட்டிவிட்டுப் போகிறார்கள். பலர் முத்திரைத் தாளிலேயே எழுதுகிறார்கள். கேட்டது கிடைத்தவர்கள் கட்டிய வெண்கல மணிகள், விரல் அளவிலிருந்து அண்டா அளவு வரை, கூரை முழுக்கத் தொங்குகின்றன. காற்றடித்தால் ஆயிரம் வழக்குகளின் தீர்ப்பு ஒரே நேரத்தில் கேட்கும்.

இந்த மலையே தொடுக்க வேண்டிய வழக்கு ஒன்றும் இருக்கிறது. குமாவுன் கிராமங்கள் தண்ணீருக்கு நம்பியிருப்பது நௌலா எனப்படும் ஊற்றுகளை. சின்னக் கோயில்போல் கல்லால் கட்டி, படி வைத்து, ஊற்றுக்கண்ணைப் பாதுகாத்திருப்பார்கள். ஓக் காடு மழையைப் பிடித்துவைத்தால்தான் நௌலாவில் நீர் ஊறும். இந்திய இமயமலைப் பகுதியின் ஊற்றுகளில் ஏறத்தாழ பாதி வற்றிவருகின்றன என்று நிதி ஆயோக் 2018இல் எச்சரித்தது. 2024 ஜூனில் பின்சர் சரணாலயத்தில் பரவிய காட்டுத்தீயில், அணைக்கப் போன வனப் பணியாளர்கள் உயிரிழந்தார்கள். கொடைக்கானலும் ஊட்டியும் இதே தெருவில்தான் நிற்கின்றன. கூட்டம் தாங்காமல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2024 மே முதல் அங்கே இ-பாஸ் வந்தது. பாயின்ட் அட்டவணையில் மே மாதத்துக்கு அதிக விலை போட்டிருப்பது ரிசார்ட்டுக்கு உள்ள கிராக்கியை வைத்து. அதே மே மாதத்தில் ஊற்றில் எவ்வளவு நீர் இருக்கும் என்ற கணக்கு எந்த அட்டவணையிலும் இல்லை. தலையில் குடம் வைத்து மேடேறும் பெண்களுக்கு மட்டும் அது தெரியும்.

எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் வாங்கிய பல ஒப்பந்தங்கள் இன்று முடிந்துவிட்டன, அல்லது முடியும் தறுவாயில் இருக்கின்றன. நீட்டிக்கலாமா, பிள்ளைகள் பெயருக்கு மாற்றலாமா என்று பல வீடுகளில் பேச்சு நடக்கிறது. பிள்ளைகள் கைபேசியில் இரண்டு நிமிடத்தில் அறை பிடிப்பவர்கள், பெற்றோரின் பாயின்ட் அவர்களுக்குப் புரிவதில்லை. ஆனால் அந்தப் பாயின்ட் ஒன்றைச் செய்திருக்கிறது. மாதச் சம்பளக் குடும்பங்களை, காலாவதியாகிவிடுமே என்ற பயத்தைக் காட்டியாவது, ஆண்டுக்கு ஒரு வாரம் வீட்டைப் பூட்டவைத்தது. கொடைக்கானலைத் தாண்டி ஒரு மலை உண்டு என்று பார்க்கவைத்தது.

பின்சர் போகிறவர்கள் ஏழில் ஒரு நாளாவது ரிசார்ட்டின் காலை உணவை விட்டுவிட்டு, இருட்டிலேயே ஜாகேஷ்வருக்குக் கிளம்பலாம். தேவதாரு வழியாக வெயில் இறங்கும் முன் போய்ச் சேர்ந்தால் கோயில் வாசலில் டீக்கடை திறந்திருக்கும். ஒரு டீ, ஒரு மண்டுவா ரொட்டி. அந்தக் கடையில் பாயின்ட் செல்லாது, சில்லறை வேண்டும்.